அமெரிக்க ஃபுட்பாலில் பண்டர் வேலை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்க ஃபுட்பாலின் தொழில்முறை லீக்கான என்.எஃப்.எல் ஆட்டத்தை முதல்முறை பார்க்கிறவர்கள், நடுவில் ஒருவர் ஓடிவந்து பந்தை எதிரணிப் பக்கமே உதைத்துவிட்டுத் திரும்பிப் போவதைப் பார்த்துக் குழம்புவார்கள். அவர்தான் பண்டர், அந்த உதைதான் பண்ட். ஒரு ஆட்டத்தில் நாலைந்து முறைதான் களத்துக்கு வருவார், சில நாள் அதுவும் இல்லை. அந்த வேலையை மட்டும் செய்து இருபது வருடத்துக்கு மேல் சம்பாதித்தவர் இருக்கிறார். ஒரே உதையோடு தொழில் முடிந்துபோனவரும் இருக்கிறார்.

பந்தை எதிரணிக்கே ஏன் உதைத்துக் கொடுக்கிறார்கள்?

தாக்கும் அணிக்கு நான்கு வாய்ப்பு உண்டு. ஒவ்வொன்றையும் டவுன் என்பார்கள். நான்குக்குள் 10 யார்டு முன்னேறினால் புதிதாக நான்கு கிடைக்கும். மூன்றிலும் முடியாமல் போனால் நான்காவதில் துணிந்து இறங்கிப் பார்க்கலாம். அதிலும் தவறினால், நின்ற இடத்திலேயே பந்து எதிரணிக்குப் போய்விடும். சொந்த எல்லைக்குப் பக்கத்தில் அப்படி விட்டுக்கொடுத்தால் அவர்கள் புள்ளி எடுப்பது சுலபம். எப்படியும் போகப்போகிற பந்து, தூரமாகவே போகட்டும் என்பதுதான் பண்டின் கணக்கு. மைதானமே 100 யார்டுதான். நல்ல பண்ட் ஒன்று அதில் 45 யார்டைத் தள்ளிவிடும்.

கிக்கர் என்பவரும் பண்டரும் ஒருவர்தானா?

இன்று இல்லை. தரையில் நிறுத்திய பந்தைக் கோல் கம்பங்களுக்கு நடுவே அடிப்பவர் கிக்கர். கையிலிருந்து விட்டு, தரையில் படுவதற்குள் உதைப்பவர் பண்டர். இரண்டுக்கும் காலின் வீச்சே வேறு.

அந்தக் காலத்தில் எல்லாரும் எல்லாமும் செய்தார்கள். வாஷிங்டன் அணியின் குவார்ட்டர்பேக் (பந்தை எறிந்து தாக்குதலை நடத்துபவர்) சாமி பாவ் 1940 சீசனில் சராசரியாக 51.4 யார்டு உதைத்தார். அந்தச் சாதனை 82 வருடம் நின்றது. எதிரணி எதிர்பாராத நேரத்தில், பின்னால் பந்தைப் பிடிக்க ஆளே இல்லாதபோது உதைப்பது அவர் பழக்கம். பந்து தரையில் உருண்டுகொண்டே போகும். இன்றைய பண்டருக்கு அந்த வசதி கிடையாது.

ஒரு பண்ட் நடக்கும்போது உண்மையில் என்ன ஆகிறது?

ஆட்டம் தொடங்கும் கோட்டிலிருந்து சுமார் 15 யார்டு பின்னால் பண்டர் நிற்கிறார். லாங் ஸ்னாப்பர் குனிந்து தன் கால்களுக்கு நடுவே பந்தைச் சுழற்றி விடுகிறார், இதுதான் ஸ்னாப். முக்கால் நொடியில் பந்து பண்டரின் கைக்கு வந்துவிட வேண்டும். கையில் பட்டதுமே தையல் மேல்பக்கம் வருமாறு திருப்பிக்கொள்கிறார், இரண்டு எட்டு வைக்கிறார், பந்தை விடுகிறார், உதைக்கிறார். ஸ்னாப்பிலிருந்து காலில் படும்வரை மொத்தம் இரண்டு நொடிதான். கொஞ்சம் தாமதித்தால் எதிரணிக்காரன் பாய்ந்து வந்து பந்தைத் தட்டிவிடுவான்.

பார்க்கிறவர்கள் காலைப் பார்ப்பார்கள். பயிற்சியாளர்கள் பார்ப்பது கையை. பந்தை விடுகிற விதம்தான் எல்லாவற்றையும் முடிவு செய்கிறது. மூக்கு சற்று உள்பக்கம் சாய்ந்து, லேசாகக் கீழே பார்த்து, ஆடாமல் அசையாமல் பந்து இறங்க வேண்டும். உயரத்திலிருந்து விட்டால் இடையில் காற்று புகுந்து திருப்பிவிடும். சரியாக விழுந்த பந்து பம்பரமாகச் சுழன்று மேலே போகும். உச்சியில் மூக்கைக் கவிழ்த்துக்கொண்டு இன்னும் பத்துப் பதினைந்து யார்டு கூடுதலாக ஓடும். அப்படிக் கவிழாத பந்து கனமாக வந்து விழும்.

அப்புறம் நேரம். பந்து காற்றில் நிற்கும் நேரத்தை ஹேங் டைம் என்கிறார்கள். நாலரை நொடி நின்றால் நல்ல உதை, ஐந்தைத் தொட்டால் அரங்கமே நிமிர்ந்து பார்க்கும். ஸ்னாப் ஆனதுமே ஓட, இரண்டு ஓரத்திலும் நிற்கும் கன்னர்களுக்கு மட்டும்தான் அனுமதி. மற்றவர்கள் பந்து உதைபட்ட பிறகே எதிரணிப் பக்கம் ஓடலாம். அவர்கள் போய்ச் சேர்வதற்குள் பந்து தரையிறங்கிவிட்டால், அதைப் பிடித்தவனுக்கு எதிரே வெட்ட வெளிதான்.

அப்படியானால் அதிக தூரம் உதைப்பவர்தான் சிறந்த பண்டரா?

இந்தத் தொழிலில் பெரிய மயக்கமே இதுதான். ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். எதிரணியின் கோல் கோடு 55 யார்டு தள்ளி இருக்கிறது. பண்டர் ஓங்கி உதைக்க, பந்து கோட்டைத் தாண்டிவிடுகிறது. இது டச்பேக், பந்தைக் கோல் கோட்டிலிருந்து 20ஆவது யார்டுக்குக் கொண்டுவந்து எதிரணிக்குக் கொடுப்பார்கள். 55 யார்டு உதைக்கு நிகர லாபம் 35. இன்னொருவர் 47 யார்டு மட்டும் உதைத்து, பந்தைப் பக்கக் கோட்டுக்கு வெளியே 8ஆவது யார்டில் அனுப்புகிறார். அவருக்கு லாபம் 47 முழுசாக. எதிரணி திருப்பி ஓடிய தூரத்தையும் டச்பேக்கையும் கழித்துவரும் இந்த நிகரக் கணக்கைத்தான் அணிகள் பார்க்கின்றன. தொலைக்காட்சியில் மட்டும் இன்னும் மொத்த தூரத்தையே பெரிதாகக் காட்டுகிறார்கள்.

ரயன் ஸ்டோன்ஹவுஸ் கதையைப் பாருங்கள். 2022இல் டென்னசி டைட்டன்ஸுக்காக ஆடிய முதல் சீசனிலேயே சராசரி 53.1 யார்டு, சாமி பாவின் 1940 சாதனையைக் கடந்தவர் இவர்தான். மறு வருடம் டிசம்பரில், பண்ட் ஒன்று தடுக்கப்பட்ட மோதலில் ஊன்றிய காலின் முட்டி போனது. தேறி வந்தார். ஆனாலும் 2025இல் அவரை விட்டுவிட்டு, 35 வயதான ஜானி ஹெக்கரை அதே அணி எடுத்துக்கொண்டது. ஹெக்கரின் உதை அவ்வளவு தூரம் போகாது, சொன்ன இடத்துக்குப் போகும்.

இதுவரை உதைத்ததில் நீளமானது எது?

98 யார்டு. 1969 செப்டம்பர் 21, டென்வர். நியூயார்க் ஜெட்ஸின் ஸ்டீவ் ஓ'நீல், தன் அணி சொந்தக் கோட்டுக்கு ஒரு யார்டு முன்னால் மாட்டிக்கொண்டிருந்தபோது உதைத்தார். பிடிக்க நின்றவர் தலைக்கு மேலே போய் விழுந்து உருண்ட பந்து, எதிர்க்கோட்டுக்கு ஒரு யார்டு முன்னால் நின்றது. டச்பேக் ஆகாமல் இதைவிட நீளமாக உதைக்க மைதானத்தில் இடம் இல்லை. டென்வர் கடல்மட்டத்துக்கு ஒரு மைல் மேலே இருக்கும் ஊர். அங்கே மெல்லிய காற்றில் பந்து தூரமாகவே போகும். அன்றைய ஆட்டத்தில் ஜெட்ஸ் தோற்றது வேறு விஷயம். ஓ'நீல் பிற்பாடு பல் மருத்துவரானார்.

பண்டர் என்றாலே ரே கய் பெயரைச் சொல்கிறார்களே, ஏன்?

பண்டராக மட்டுமே இருந்து, கல்லூரி வீரர்களை அணிகள் முறைவைத்துத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டின் முதல் சுற்றில் எடுக்கப்பட்டவர் அவர் ஒருவர்தான். 1973இல் ஓக்லண்ட் ரெய்டர்ஸ் 23ஆவது ஆளாக அவரை எடுத்தபோது பலருக்கு அது கிறுக்குத்தனமாகத் தெரிந்தது. முதல் சுற்று என்பது பத்து வருடத்துக்கு அணியைத் தாங்கப்போகிறவனை எடுக்கிற இடம். சரி, ரே கய் 14 வருடம் தாங்கினார். ஒரு ஆட்டத்தைக்கூடத் தவறவிடாமல் 207 ஆட்டம், 1,049 பண்ட், லீக்கின் இறுதி ஆட்டமான சூப்பர் பௌலில் மூன்று வெற்றி.

அவர் உதைத்த உயரம்தான் ஆளைக் கலங்கடித்தது. 1976இல் நியூ ஆர்லியன்ஸ் சூப்பர்டோமில் நட்சத்திர வீரர்கள் ஆடிய புரோ பௌல் ஆட்டத்தில், கூரையிலிருந்து தொங்கிய பிரமாண்டத் திரையில் போய்ப் பந்து அடித்தது. ஹூஸ்டன் ஆயிலர்ஸ் அணி ஒருமுறை அவர் உதைத்த பந்தை எடுத்துக்கொண்டுபோய், ஹீலியம் அடைத்திருக்கிறதா என்று பரிசோதிக்கக் கொடுத்தது. வெறும் காற்றுதான் இருந்தது.

எனக்குப் பிடித்தது 1984 ஜனவரி சூப்பர் பௌலில் அவர் செய்தது. ஸ்னாப் தலைக்கு மேலே எகிறிப் போகிறது. விட்டிருந்தால் பந்து பின்னால் ஓடி, வாஷிங்டன் கையில் சிக்கியிருக்கும். ரே கய் துள்ளி எழும்பி ஒற்றைக் கையால் பிடித்து, இறங்கிய வேகத்தில் எதுவுமே நடக்காதது போல உதைக்கிறார். ரெய்டர்ஸ் அந்த ஆட்டத்தை 38–9 என்று சுலபமாக ஜெயித்ததால் இதைப் பலர் மறந்துவிட்டார்கள். ஆட்டம் இன்னும் யார் பக்கமும் முடிவாகாத நேரத்தில் நடந்தது அது.

இத்தனைக்கும் பிறகு ஹால் ஆஃப் ஃபேமில் நுழைய அவர் 2014 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. பண்டராக மட்டுமே ஆடி அங்கே போன முதல் ஆள் அவர். இடையில் கடனில் சிக்கி, 2011இல் மூன்று சூப்பர் பௌல் மோதிரங்களையும் ஏலத்தில் விற்க வேண்டி வந்தது. 2022 நவம்பரில் காலமானார். கல்லூரி ஆட்டத்தில் ஆண்டின் சிறந்த பண்டருக்கு 2000 முதல் கொடுக்கப்படும் விருது அவர் பெயரில்தான் இருக்கிறது.

மற்ற பண்டர்கள் எப்படி வேலைக்கு வருகிறார்கள்?

பெரும்பாலும் டிராஃப்டின் கடைசிச் சுற்றுகளில், இல்லாவிட்டால் டிராஃப்டிலேயே இல்லாமல். ஜெஃப் ஃபீகிள்ஸ், ஜானி ஹெக்கர் இருவரையும் எந்த அணியும் டிராஃப்டில் எடுக்கவில்லை. அணிக்கு ஒரு பண்டர்தான். 32 அணி, 32 நாற்காலி. கோடைக்கால முகாமில் இரண்டு பேரை மோதவிட்டு, சீசன் தொடங்கும்போது ஒருவரை அனுப்பிவிடுவார்கள். அனுப்பப்பட்டவர் ஏதாவது ஊரில் தனியாக மைதானம் தேடி உதைத்துக்கொண்டு, தொலைபேசி அழைப்புக்குக் காத்திருப்பார். எங்கோ யாருக்கோ தொடை பிடித்துக்கொண்டால், இரண்டு மூன்று பேரைக் கூப்பிட்டு ஒரே காலையில் உதைக்கவிட்டு ஒருவரைத் தேர்ந்தெடுப்பார்கள்.

கொஞ்சம் முன்னதாக எடுத்தாலே கேலிதான். 2012இல் ஜாக்சன்வில் ஜாகுவார்ஸ் 70ஆவது ஆளாக பிரையன் ஆங்கர் என்ற பண்டரை எடுத்தது. 75ஆவது ஆளாக சியாட்டிலுக்குப் போனவர் குவார்ட்டர்பேக் ரஸ்ஸல் வில்சன். இரண்டே வருடத்தில் சூப்பர் பௌல் ஜெயித்தார். இதை வைத்து இன்னும் சிரிக்கிறார்கள். ஆங்கர் மோசமான பண்டர் இல்லை, பத்து வருடம் கழித்தும் டாலஸில் நன்றாகவே ஆடிக்கொண்டிருந்தார். தவறு அணியின் கணக்கில்.

ஆஸ்திரேலியர்கள் இந்த வேலையில் இவ்வளவு பேர் இருப்பது எதனால்?

அவர்கள் ஊர் ஃபுட்பாலில் பந்தைப் பெரும்பாலும் உதைத்தே சக வீரருக்குக் கொடுப்பார்கள். சின்ன வயதிலிருந்தே ஓடிக்கொண்டே, துரத்தப்பட்டுக்கொண்டே, இடது பக்கம் வலது பக்கம் குறிபார்த்து உதைத்துப் பழகியவர்கள். அமெரிக்கப் பையன் நின்ற இடத்தில் ஒரே மாதிரி உதைக்கக் கற்கும்போது, இவர்களிடம் ஏழெட்டு வகை உதை இருக்கும்.

அவற்றில் முக்கியமானது டிராப் பண்ட். பந்தை நெட்டுக்குத்தாகப் பிடித்து அடிநுனியில் உதைப்பது. பந்து பின்பக்கமாகக் குட்டிக்கரணம் போட்டுக்கொண்டு போகும். விழுந்ததும் முன்னால் ஓடாமல் நிற்கும், சில சமயம் திரும்பியும் வரும். கோல் கோட்டுக்குப் பக்கத்தில் பந்தை நிறுத்த இதைவிட நல்ல வழி இல்லை. 1995இல் சான் டியேகோ சார்ஜர்ஸுக்கு வந்த டேரன் பென்னட் இதை அங்கே பிரபலமாக்கினார். பிறகு ஜீலாங் அணியின் முன்னாள் கேப்டன் பென் கிரஹாம் வந்தார். 2009இல் அரிசோனாவுக்காக ஆடி, சூப்பர் பௌலில் ஆடிய முதல் ஆஸ்திரேலியர் ஆனார்.

2007இல் நேதன் சாப்மன் மெல்போர்னில் புரோகிக் என்ற பயிற்சிக்கூடத்தைத் தொடங்கினார். அவரே கிரீன் பே பேக்கர்ஸில் முயன்று, இடம் கிடைக்காமல் திரும்பியவர். அங்கே பயின்றவர்கள் அமெரிக்கக் கல்லூரிகளுக்கு உதவித்தொகையோடு போகிறார்கள். 2013 முதல் 2017 வரை ஐந்து வருடமும் ரே கய் விருது ஆஸ்திரேலியர்களுக்கே போனது. கல்லூரி விதிப்படி உதைக்கு முன்பே எல்லாரும் எதிரணிப் பக்கம் ஓடலாம் என்பதால், பக்கவாட்டில் ஓடிக்கொண்டே நேரம் கடத்தி உதைக்கும் இவர்கள் பாணி அங்கே நன்றாக எடுபடுகிறது.

2024இல் சிகாகோ பேர்ஸ் நான்காவது சுற்றில் எடுத்த டோரி டெய்லரும் மெல்போர்ன்காரர்தான். அப்போதே வயது 26. அதே டிராஃப்டில் முதல் ஆளாக வந்த குவார்ட்டர்பேக் கேலப் வில்லியம்ஸ், உனக்கு இங்கே அதிகம் வேலை இருக்காது என்கிற பொருளில் அவருக்குக் குறுஞ்செய்தி அனுப்பினார். அந்த சீசனில் டெய்லருக்குக் கைநிறைய, இல்லை, கால்நிறைய வேலை இருந்தது.

சம்பளம் எவ்வளவு?

2025 சீசனில் புதுமுகத்துக்குக் குறைந்தபட்சம் 8,40,000 டாலர். முன்னணிப் பண்டர்களுக்கு ஆண்டுக்கு 30 முதல் 40 லட்சம் டாலர். குவார்ட்டர்பேக் வாங்குவதோடு ஒப்பிட்டால் சில்லறை. ஒப்பந்தத்தில் எழுதிய தொகை முழுவதும் கைக்கு வரும் என்பதும் இல்லை. அணி நடுவில் கழற்றிவிட்டால் உறுதிசெய்யப்பட்ட பங்கோடு சரி.

எத்தனை வயதுவரை ஆடலாம்?

ஃபீகிள்ஸ் 1988இல் தொடங்கி 2009 சீசன் வரை 22 சீசன் ஆடினார். தொடர்ச்சியாக 352 ஆட்டம், ஒன்றுகூட விடவில்லை. ஐந்து அணி மாறினார். நியூயார்க் ஜயண்ட்ஸோடு 2008 பிப்ரவரியில் முதன்முறை சூப்பர் பௌல் ஜெயித்தபோது வயது 41. காலில் அபார பலம் உள்ளவர் அல்ல. பந்தைப் பக்கக் கோட்டுக்கு ஓரமாக இறக்கி, பிடிப்பவருக்கு ஓட இடமே தராமல் செய்வதில் அவரை மிஞ்ச ஆளில்லை.

ஒரே ஒரு மோசமான உதையில் வேலை போகுமா?

போகும். ஃபீகிள்ஸ் 2010இல் ஓய்வு பெற்றதும் அவர் இடத்துக்கு வந்தவர் மேட் டாட்ஜ், கடைசிச் சுற்றில் எடுக்கப்பட்ட புதுமுகம். 2010 டிசம்பர் 19. ஃபிலடெல்ஃபியா ஈகிள்ஸுக்கு எதிராக ஜயண்ட்ஸ் 31–10 என்று முன்னிலையில் இருந்தது. கடைசி எட்டு நிமிடத்தில் ஈகிள்ஸ் துரத்திப் பிடித்து 31–31. மீதி 14 நொடி. டாட்ஜ் பண்ட் செய்ய வேண்டும். பந்தை மைதானத்துக்கு வெளியே அடி, பிடித்துத் திருப்பி ஓடக் காத்திருக்கும் டிஷான் ஜாக்சன் கையில் மட்டும் கொடுக்காதே என்பதுதான் உத்தரவு.

ஸ்னாப் உயரமாக வந்தது. டாட்ஜ் எட்டிப் பிடித்து அவசரத்தில் உதைக்க, பந்து தாழ்வாக, நேராக ஜாக்சனிடம் போனது. அவர் முதலில் கை நழுவ விட்டார். அதுவே ஜயண்ட்ஸ் வீரர்களைத் தடம் புரளச் செய்தது. எடுத்தார், ஓடினார், 65 யார்டு. கோட்டுக்கு முன்னால் வந்ததும் உள்ளே நுழையாமல், கடிகாரம் தீரட்டும் என்று கோட்டோரமாகவே ஓடிவிட்டுத்தான் நுழைந்தார். பண்டைத் திருப்பி ஓடி கடைசி நொடியில் ஆட்டத்தை முடித்தது என்.எஃப்.எல் வரலாற்றில் அதுதான் முதல்முறை. பயிற்சியாளர் டாம் காஃப்லின் களத்துக்குள்ளேயே போய் டாட்ஜைத் திட்டியதை நாடே பார்த்தது. அந்தப் பதற்றத்தில் அந்த ஸ்னாப்பைப் பிடித்ததே பெரிய விஷயம் என்று நான் சொன்னால் ஜயண்ட்ஸ் ரசிகர்கள் சண்டைக்கு வருவார்கள்.

அடுத்த சீசனுக்கு முன் அணி ஸ்டீவ் வெதர்ஃபோர்டை எடுத்தது. டாட்ஜ் அதன்பின் ஒரு லீக் ஆட்டத்திலும் இறங்கவில்லை. வெதர்ஃபோர்ட் என்ன செய்தார்? 2012 பிப்ரவரி சூப்பர் பௌலில் அவருடைய முதல் பண்ட், நியூ இங்கிலாந்து பேட்ரியட்ஸை 6ஆவது யார்டில் கொண்டுபோய் அடைத்தது. அடுத்த டவுனிலேயே பேட்ரியட்ஸ் குவார்ட்டர்பேக் டாம் பிரேடி கோல் பகுதிக்குள் நின்று, பிடிக்க ஆளில்லாத இடத்தில் பந்தை வீச, ஜயண்ட்ஸுக்கு இரண்டு புள்ளி. ஆட்டத்தை ஜயண்ட்ஸ் ஜெயித்தது 21–17 என்று.

ஃபீல்டு கோல் அடிக்கும்போது பண்டர் ஏன் முட்டி போட்டு உட்கார்ந்திருக்கிறார்?

ஃபீல்டு கோல் என்பது கிக்கர் கம்பங்களுக்கு நடுவே அடிக்கும் உதை. அதற்குப் பந்தை நிறுத்திப் பிடிக்கும் ஹோல்டர் வேலையும் இப்போது அவருடையதே. முன்பெல்லாம் குவார்ட்டர்பேக் பிடிப்பார். 2007 ஜனவரியில் டாலஸின் டோனி ரோமோ, சியாட்டிலுக்கு எதிராக ஜெயிக்க வைத்திருக்கக்கூடிய 19 யார்டு உதைக்குப் பந்தை நழுவவிட்ட காட்சியைப் பார்த்த பிறகு பல அணிகளுக்கு அந்த ஆசை போய்விட்டது. பண்டர், கிக்கர், லாங் ஸ்னாப்பர் மூவரும் தினமும் ஒன்றாகவே பயிற்சி செய்கிறவர்கள். பிடிக்கத் தெரியாத பண்டருக்கு இன்று வேலை கிடைப்பது கஷ்டம்.

உதைப்பது போல ஏமாற்றி ஓடலாமா?

ஓடலாம், எறியவும் செய்யலாம். ஹெக்கர் பள்ளியில் குவார்ட்டர்பேக்காக ஆடியவர். ராம்ஸ் அணியில் இருந்தபோது அவர் பந்தை எறிவாரோ என்று எதிரணிகள் எப்போதும் பயந்தன. சியாட்டிலின் மைக்கேல் டிக்சன் 2021இல் இன்னும் விநோதமாக ஒன்று செய்தார்: தடுக்கப்பட்ட பந்தை ஓடிப்போய் எடுத்து மறுபடியும் உதைத்தார், அது 68 யார்டு போனது.

இது குடும்பத் தொழிலாக வருமா?

கோல்கிட் வீட்டில் வந்தது. அப்பா கிரெய்க் பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸில் இரண்டு சூப்பர் பௌல் ஜெயித்தார். மகன்கள் பிரிட்டன் டென்வரோடும் டஸ்டின் கன்சாஸ் சிட்டியோடும் ஆளுக்கொன்று. மூவரும் டென்னசி பல்கலைக்கழகத்துப் பண்டர்கள்.

நான்காவது டவுனில் எல்லாரும் துணிந்து இறங்குகிறார்களே, பண்டர் வேலை ஒழிந்துவிடுமா?

குறைகிறது, அது உண்மை. புள்ளிவிவரம் படித்தவர்கள் பயிற்சியாளர் பக்கத்தில் வந்து உட்கார்ந்த பிறகு, மைதானத்தின் நடுப்பகுதியில் பண்ட் செய்வது கோழைத்தனம் என்ற பேச்சு பரவிவிட்டது. 1992 செப்டம்பரில் பஃபலோவும் சான் ஃபிரான்சிஸ்கோவும் மோதிய ஆட்டத்தில் ஒரு பண்ட்கூட இல்லை. அப்போது அது அதிசயமாக இருந்தது. ஆனால் சொந்த 15ஆவது யார்டில், இன்னும் 12 யார்டு தேவைப்படும்போது, எந்தப் புள்ளிவிவரக்காரரும் துணிந்து இறங்கச் சொல்லமாட்டார். உதைகள் குறையக் குறைய, மிச்சமிருப்பவை எல்லாம் இக்கட்டான உதைகள்.

புதிதாகப் பார்க்கிறவர் பண்டரிடம் எதைக் கவனிக்கலாம்?

பந்து காலில் பட்ட நொடியிலிருந்து மனதுக்குள் எண்ணுங்கள். அதே நேரம் பந்தை விட்டுவிட்டு, பிடிக்க நிற்பவரைப் பாருங்கள். அவர் கையை உயர்த்தி அசைத்தால் ஃபேர் கேட்ச்; நான் ஓடமாட்டேன், என்னை இடிக்காதே என்று பொருள். பண்டர் ஜெயித்துவிட்டார். இரண்டு எட்டு பின்னால் ஓடினால் உதை அவர் நினைத்ததைவிட நீளம். இடது காலால் உதைப்பவராக இருந்தால் பந்து எதிர்ப்பக்கம் சுழலும், பிடிப்பவருக்குக் கூடுதல் தலைவலி. பயிற்சியாளர் பில் பெலிசிக் பேட்ரியட்ஸில் இடதுகால் பண்டர்களை நாடி எடுத்தார். காற்றடிக்கிற டிசம்பர் ஆட்டமாகக் கிடைத்தால் விடாதீர்கள், பண்டர் உதைப்பதற்கு முன் தலையைத் தூக்கிக் கம்பத்தின் உச்சியில் கட்டியிருக்கும் ரிப்பன் எந்தப் பக்கம் பறக்கிறது என்று பார்ப்பார்.